கலிஃபோர்னியாவுக்குப் படிக்க வந்திருக்கிறீர்களா? காட்டுத்தீயும் புகையும் வரும் முன் இதையெல்லாம் முடித்துவிடுங்கள்

நான் எம்.எஸ். படிக்க இங்கே வந்து இறங்கிய முதல் இரண்டு மாதம் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, வாடகை வீடு, பழைய மெத்தை தேடல் என்றே ஓடிவிட்டது. ஓரியன்டேஷனில் காட்டுத்தீ பற்றி இரண்டு ஸ்லைடு காட்டினார்கள், நான் அப்போது போனில் பழைய சைக்கிள் விலை பார்த்துக்கொண்டிருந்தேன். அக்டோபரில் ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு அறைத்தோழன் உலுக்கி எழுப்பி, "டேய், கிளம்பச் சொல்லிட்டாங்க, உனக்கு மெசேஜ் வரலையா?" என்றான். வரவில்லை. பல்கலைக்கழகப் போர்ட்டலில் அட்மிஷன் நேரத்தில் கொடுத்த ஊர் நம்பர்தான் இருந்தது, அந்த சிம் அம்மாவின் அலமாரியில் கிடந்தது. பாஸ்போர்ட் லேப் லாக்கரில், பத்திரமாக இருக்கட்டும் என்று நானே வைத்தது. லேப் கட்டடத்தை அதற்குள் மூடிவிட்டார்கள். இன்ஹேலர் ஜிம் பையில், ஜிம் பை யார் காரிலோ.

அன்று காற்று திரும்பியதால் தீ எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் நான்கு நாள் ஒரு சீனியர் அக்கா வீட்டு சோபாவில் இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த நாலு நாளில் அவர் சொன்னதும், அடுத்த இரண்டு வருடத்தில் நானாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதும்தான் கீழே இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாமே வானம் நீலமாக இருக்கும் நாளில் செய்து முடிக்க வேண்டிய வேலைகள். ஒரு சனிக்கிழமையும் சுமார் இருநூறு டாலரும் போதும். "சீசன் நவம்பரோடு முடிந்துவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், லாஸ் ஏஞ்சலஸில் பாலிசேட்ஸ், ஈட்டன் தீ இரண்டும் தொடங்கியது 2025 ஜனவரி 7 அன்று.

1. எச்சரிக்கை உங்கள் கைக்கு வந்து சேர வழி செய்யுங்கள்

நேரம்: இருபது நிமிடம். செலவு: ஒன்றுமில்லை.

முதலில் போர்ட்டலைத் திறந்து அவசரத் தொடர்பு எண் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊர் மாணவர்களில் பலருக்கு +91-ல் தொடங்கும் எண்தான் இருக்கும். அமெரிக்க எண்ணைப் போடுங்கள், மின்னஞ்சல் மட்டும் போதும் என்று விடாதீர்கள், தூங்கும்போது யாரும் மின்னஞ்சல் பார்ப்பதில்லை. கிளெரி சட்டம் என்று ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது, அதன்படி உயிருக்கு ஆபத்தான நிலை உறுதியானவுடன் கல்லூரி அறிவிப்பு அனுப்பியே ஆக வேண்டும். அனுப்புவது அவர்கள் கடமை. சரியான எண்ணைக் கொடுத்து வைப்பது நம் வேலை.

இரண்டாவது, உங்கள் கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எச்சரிக்கைச் சேவையில் தனியாகப் பதிவு செய்யுங்கள். இதைத்தான் பெரும்பாலானவர்கள் தவற விடுகிறார்கள். வளாகத்துக்கு வெளியே வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கல்லூரியின் மெசேஜ் பாதிக் கதைதான். கல்லூரி தன் கட்டடங்களைப் பற்றித்தான் சொல்லும், உங்கள் தெருவைக் காலி செய்யச் சொல்வது கவுன்டி. கால்அலர்ட்ஸ் என்ற மாநிலத் தளத்தில் எல்லாக் கவுன்டிகளின் பதிவு இணைப்பும் ஒரே இடத்தில் கிடைக்கும். வீட்டு முகவரியைக் கொடுங்கள், வீடு மாறினால் அதையும் மாற்றுங்கள்.

மூன்றாவது, வாட்ச் டியூட்டி என்ற செயலி. லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துவது, இலவசப் பதிப்பே போதும். தீ எங்கே, எந்தப் பக்கம் நகர்கிறது என்று வரைபடத்தில் காட்டும். உங்கள் கவுன்டிக்கு மட்டும் நோட்டிபிகேஷன் வையுங்கள், மாநிலம் முழுக்க வைத்தால் ஆகஸ்டில் போன் அலறிக்கொண்டே இருக்கும், நீங்களே எரிச்சலில் அணைத்துவிடுவீர்கள். அப்புறம் அன்றைக்கு வராது.

போன் செட்டிங்கில் அரசின் அவசர எச்சரிக்கைகள் அணைக்கப்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது பதிவு எதுவும் இல்லாமல் டவர் வழியாக வருவது. ஒன்றை நினைவில் வையுங்கள்: அது தவறாகவும் வரும். 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் ஒரு சிறு பகுதிக்குப் போக வேண்டிய செய்தி கிட்டத்தட்ட ஒரு கோடி பேருக்குப் போய்விட்டது. அதனால் சத்தம் கேட்டதும் ஓட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அடுத்த படியில் சொல்லும் மண்டல எண்ணை வைத்து அரை நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

2. உங்கள் மண்டல எண்ணைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள்

இங்கே பல கவுன்டிகள் ஊரை மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு கொடுத்திருக்கின்றன. ஜெனசிஸ் புரொடெக்ட் என்ற வரைபடத்தில் முகவரி போட்டால் உங்கள் குறியீடு வரும். வீட்டுக்கு ஒன்று, வளாகத்துக்கு ஒன்று, இரண்டையும் எழுதி வையுங்கள். தீ நெருங்கும்போது செய்தியில் தெருப் பெயர் வராது, குறியீடுதான் வரும். அந்த நேரத்தில் தளம் மெதுவாக இருக்கும், நெட்வொர்க் இழுக்கும்.

வரும் செய்தியில் மூன்று வார்த்தைகளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். இவாக்குவேஷன் வார்னிங் என்றால் ஆபத்து வரக்கூடும், தயாராகுங்கள் என்று அர்த்தம். கார் இல்லாதவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தையோடு இருப்பவர்கள் அப்போதே கிளம்பிவிட வேண்டும். நம்மில் புதிதாக வந்தவர்களிடம் கார் இருக்காது, அதனால் உங்களைப் பொறுத்தவரை வார்னிங்தான் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவாக்குவேஷன் ஆர்டர் என்றால் உடனே வெளியேறுங்கள், அந்தப் பகுதி சட்டப்படி மூடப்படுகிறது, வெளியே வந்தபின் "லேப்டாப்பை எடுத்துட்டு வந்துடுறேன்" என்று திரும்பிப் போக முடியாது. ஷெல்டர் இன் பிளேஸ் என்றால் இருக்கும் கட்டடத்துக்குள்ளேயே, அல்லது சொல்லும் கட்டடத்துக்குள் இருங்கள்.

இந்த மூன்றாவதைக் கேட்டு அதிர்ச்சியாக வேண்டாம். மாலிபுவில் இருக்கும் பெப்பர்டைன் பல்கலைக்கழகம் 2018 வூல்சி தீயிலும் 2024 டிசம்பர் பிராங்க்ளின் தீயிலும் மாணவர்களை வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டது. சுற்றிலும் செடிகொடிகளை அகற்றிய, தீ தாங்கும் கட்டடங்கள் உள்ள இடத்தில், வெளியே ஒற்றைச் சாலை அடைத்துக்கொள்ளும் என்றால் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. நேர் மாறாக 2020 ஆகஸ்டில் சிஇசட்யூ என்று பெயரிட்ட தீயின்போது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தையே காலி செய்தார்கள். உங்கள் கல்லூரியின் திட்டம் எந்த வகை என்று இப்போதே கேட்டு வையுங்கள். வளாகத்தில் தங்கிப் படிக்கும் தங்கையிடம் ஊரிலிருந்து அப்பா "உடனே வெளியே வா" என்று கத்தும்போது பதில் சொல்ல அது உதவும்.

கார் இல்லையா? இரண்டு பேரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள், ஒருவர் போதாது, அவர் அன்று சான் டியேகோவில் இருப்பார். வாடகைக் கார் செயலிகளை நம்பி உட்காராதீர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது எதுவும் வராது. போய்த் தங்க இரண்டு திசைகளில் இரண்டு வீடு யோசித்து வையுங்கள், தீ எந்தப் பக்கம் சாலையை மறிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

3. ஆவணங்கள்: ஒரே உறை, ஒரே இடம்

இதுதான் நான் மொத்தமாகக் கோட்டைவிட்ட பகுதி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஜிப் உள்ள ஒரு பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். அசல்கள் அதில்: பாஸ்போர்ட் (பழைய பாஸ்போர்ட்டில் விசா இருந்தால் அதுவும்), கையெழுத்துப் போட்ட ஐ-20 அல்லது டிஎஸ்-2019 (மாணவர் விசாவுக்குக் கல்லூரி தந்த படிவம்), சோஷியல் செக்யூரிட்டி அட்டை, ஓபிடியில் (படிப்பு சார்ந்த வேலைப் பயிற்சி) இருப்பவர்களுக்கு ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை, அசல் பட்டச் சான்றிதழ்கள், பிறப்புச் சான்றிதழ் கொண்டுவந்திருந்தால் அது. வாடகை ஒப்பந்தம், காப்பீட்டு பாலிசி, மருந்துச் சீட்டு இவற்றின் நகல்கள். கொஞ்சம் ரொக்கம், இருபது டாலர் தாள்களாக, மின்சாரம் போனால் கார்டு மெஷின் வேலை செய்யாது. உறை கதவுப் பக்கம் தொங்கும் பையில் இருக்கட்டும். லேப் லாக்கர், ஆபீஸ் டிராயர், நண்பன் வீடு, காரின் டிக்கி எதுவும் வேண்டாம். வளாகம் மூடினால் உங்கள் அட்டை கதவைத் திறக்காது, நான் கெஞ்சிப் பார்த்தவன்.

அடுத்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கிளவுடில் ஒன்று, ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு ஒன்று அனுப்புங்கள். ஐ-94ஐ (நீங்கள் நாட்டுக்குள் வந்த பதிவு) அதன் அரசுத் தளத்திலிருந்து பிடிஎப்பாக இறக்கி வையுங்கள், இலவசம். காசு கேட்கும் தளத்தில் இருந்தால் தவறான இடத்தில் இருக்கிறீர்கள்.

தொலைந்தால் எது சுலபம், எது தலைவலி என்று தெரிந்தால் ஓடும்போது எதை எடுப்பது என்ற குழப்பம் இருக்காது. ஐ-20 போனால் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டிஎஸ்ஓ (மாணவர் விசா விவகாரங்களைக் கவனிக்கும் கல்லூரி அதிகாரி) மறுபடி போட்டுத் தருவார், இப்போதெல்லாம் மின்னஞ்சலிலேயே வருகிறது. சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் கட்டணமில்லாமல் மாற்றித் தருவார்கள். பாஸ்போர்ட் அப்படி இல்லை: முதலில் போலீஸ் ரிப்போர்ட், அப்புறம் துணைத்தூதரகத்தின் நடைமுறை, படிவம், கட்டணம், காத்திருப்பு. அதில் ஒட்டிய விசாவை அமெரிக்காவுக்குள் யாரும் புதுப்பித்துத் தர மாட்டார்கள். இங்கே தங்கிப் படிக்க அது தடையில்லை, ஆனால் அடுத்த முறை ஊருக்குப் போனால் மறுபடி நேர்காணலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே ஒன்றே ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் பாஸ்போர்ட்.

பையில் இன்னும் என்ன: ஒரு வார மருந்து, மூக்குக் கண்ணாடி, சார்ஜரும் பவர் பேங்கும், இரண்டு செட் துணி, தண்ணீர், ஒரு டார்ச். ஹார்ட் டிஸ்க்கில் ஆய்வு டேட்டா வைத்திருப்பவர்கள் இன்றைக்கே வேறொரு இடத்தில் நகல் எடுங்கள். தீசிஸைக் காப்பாற்ற லேபுக்கு ஓடுபவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள்.

4. வாடகைதாரர் காப்பீடு

செலவு: மாதம் பத்து முதல் இருபது டாலருக்குள் பெரும்பாலும் கிடைக்கும். நேரம்: ஆன்லைனில் பதினைந்து நிமிடம்.

வீட்டுக்காரரின் காப்பீடு கட்டடத்துக்குத்தான், உங்கள் லேப்டாப்புக்கும் கட்டிலுக்கும் இல்லை. நீங்கள் வாங்கும் பாலிசியில் தீ மற்றும் புகையால் வரும் சேதம் இருக்கிறதா, லாஸ் ஆஃப் யூஸ் என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இருக்க முடியாத நாட்களில் ஓட்டல் செலவைக் கொடுப்பது அந்தப் பிரிவுதான். கட்டாய வெளியேற்றத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு வரை என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள்.

பெரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அருகில் தீ எரிய ஆரம்பித்தபின் புதுப் பாலிசி விற்பதை நிறுவனங்கள் நிறுத்திவிடும். புகையைப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்றால் நடக்காது. வாங்கிய அன்றே அறையைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள், அலமாரியைத் திறந்து, லேப்டாப்பின் சீரியல் எண்ணோடு.

இன்னொன்று: பேரிடருக்குப் பின் பெமா என்ற கூட்டாட்சிப் பேரிடர் அமைப்பு தரும் நேரடிப் பண உதவி மாணவ விசாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது. ஆனால் தங்குமிடம், உணவு, மனநல ஆலோசனை போன்ற உடனடி உதவிகளுக்குக் குடியுரிமை நிலை தடையில்லை. செஞ்சிலுவைச் சங்க முகாமிலும் விசா கேட்க மாட்டார்கள். "நமக்கெல்லாம் அங்கே இடமிருக்குமா" என்று தயங்கிக் காரிலேயே தூங்கிய பசங்களை எனக்குத் தெரியும். தயங்காமல் போங்கள்.

5. புகையைக் கண்ணால் அளக்காதீர்கள்

தீ வராத வருடம் இருக்கலாம், புகை வராத வருடம் குறைவு. 2018 நவம்பர் 8 அன்று பாரடைஸ் ஊரை அழித்த கேம்ப் தீயில் 85 பேர் இறந்தார்கள். அங்கிருந்து சுமார் 240 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கிட்டத்தட்ட இரண்டு வாரம் மூச்சு முட்டியது, பெர்க்லி, டேவிஸ் உட்படப் பல வளாகங்களில் வகுப்பு ரத்தானது. வரைபடத்தில் தீ தூரமாக இருக்கிறதே என்று சமாதானம் ஆக முடியாது.

பார்க்க வேண்டியது ஏர்நவ் தளத்தின் தீ-புகை வரைபடம். அரசு அளவீட்டு நிலையங்களோடு மக்கள் வீட்டில் வைத்திருக்கும் சிறு சென்சார்களின் கணக்கையும் திருத்திச் சேர்த்துக் காட்டும், அதனால் உங்கள் தெருவுக்குப் பக்கத்து எண் கிடைக்கும். போனில் வழக்கமாக வரும் வானிலைச் செயலி சில நேரம் மணிக்கணக்கில் பின்தங்கியிருக்கும்.

காற்றுத் தரக் குறியீடு 100 வரை என்றால் வழக்கமான வாழ்க்கை. 101 முதல் 150 வரை ஆஸ்துமா, இதய நோய், கர்ப்பம் உள்ளவர்கள் வெளியே ஓடுவது, விளையாடுவதைக் குறைக்க வேண்டும். 151 தாண்டினால் எல்லோருக்கும் கெடுதல், கிரிக்கெட் மேட்சைத் தள்ளி வையுங்கள், நாலு ஓவர்தானே என்று பேரம் பேசாதீர்கள். 201 முதல் 300 வரை மிக மோசம், 301க்கு மேல் அபாயம்.

நிறத்தை நம்பாதீர்கள். 2020 செப்டம்பர் 9 அன்று வளைகுடாப் பகுதி வானம் முழுக்க ஆரஞ்சாகி, பட்டப்பகலில் தெருவிளக்கு எரிந்தது, ஆனால் புகை உயரத்தில் நின்றதால் தரையில் காற்று அந்தத் தோற்றம் சொன்ன அளவு மோசமாக இல்லை. அடுத்த நாட்களில் வானம் வெறும் சாம்பல் நிறமாக மாறியபோதுதான் புகை கீழே இறங்கி எண் எகிறியது. வாசனையும் அப்படித்தான், ஒரு மணி நேரத்தில் மூக்கு பழகிவிடும்.

6. முகக்கவசமும் அறைக் காற்றும்

புகையில் கெடுதல் செய்வது பிஎம் 2.5 என்ற நுண்துகள், தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான். துணி மாஸ்க், கைக்குட்டை, நீலநிற சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் அதற்குப் போதாது. என்95 வாங்குங்கள், நியோஷ் என்ற முத்திரையும் தலைக்குப் பின்னால் போகும் இரண்டு பட்டையும் இருக்க வேண்டும், காதில் மாட்டுவது என்95 இல்லை. இருபது உள்ள பெட்டி இருபது, முப்பது டாலருக்குள் இருக்கும், தீ நாளில் கடையில் ஒன்றும் இருக்காது. தாடிக்காரர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி, தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும்.

அறைக்கு ஹெப்பா வடிகட்டியுள்ள சுத்திகரிப்பான் நூறு டாலர் சுற்றி ஆரம்பிக்கும். பெட்டியில் புகைக்கான சிஏடிஆர் எண் (எவ்வளவு வேகமாகச் சுத்தக் காற்று தரும் என்ற அளவு) என்று போட்டிருக்கும், காட்டுத்தீப் புகைக்கு அந்த எண் உங்கள் அறையின் சதுர அடிக்குச் சமமாக இருப்பது நல்லது. 150 சதுர அடி அறைக்கு 150. ஓசோன் வெளியிடும், அயனி வெளியிடும் என்று விளம்பரம் செய்யும் எதையும் தொடாதீர்கள், நுரையீரலுக்கு அதுவே தொல்லை.

வீட்டில் நாலு பேர் இருந்தால் கோர்சி-ரோசன்தால் பெட்டி என்ற, நாமே செய்யும் சுத்திகரிப்பானைச் செய்து பாருங்கள். இருபது அங்குலச் சதுர விசிறி ஒன்று, அதே அளவில் மெர்வ் 13 (நுண்துகளைப் பிடிக்கும் தரம்) வடிகட்டிகள் நான்கு, அட்டைப் பெட்டி, டக்ட் டேப். நான்கு வடிகட்டியையும் சதுரமாக நிறுத்தி (அதன் மேல் இருக்கும் அம்புக்குறி உள்பக்கம் பார்க்க வேண்டும்), கீழே அட்டை, மேலே காற்று வெளியேறும்படி விசிறி, இடைவெளியெல்லாம் டேப். எண்பது முதல் நூறு டாலருக்குள் முடிந்துவிடும், அரை மணி நேர வேலை. விசிறி 2012-லோ அதற்குப் பின்போ தயாரானதாக இருக்கட்டும், பழைய விசிறிகளில் சூடானால் தானாக அணையும் பாதுகாப்பு இல்லாமல் இருக்கலாம். விடுதியில் இருப்பவர்கள் இதை வைக்க அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சன்னலை மூடுங்கள், ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். புகை நாளில் எண்ணெய் காய வைத்துப் பொரிப்பது, கடுகு தாளிப்பது, ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாமே அறைக்குள் நாமே புகை போடுவதுதான். என் அறைத்தோழன் அன்று அப்பளம் பொரித்தான். வெளியே 180, எங்கள் சமையலறை சென்சாரில் அதைவிட மேலே போய்விட்டது. குக்கரில் சாதம், தயிர், ஊறுகாய் என்று இரண்டு நாள் ஓட்டிவிடுங்கள்.

7. வளாகத்தில் எந்தக் கட்டடம், யாரிடம் என்ன கேட்பது

புதியவர்கள் நினைப்பது: லேப் கட்டடம் நவீனமாக இருக்கிறது, காற்று சுத்தமாக இருக்கும். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. வேதியியல், உயிரியல் லேப்களில் ஃப்யூம் ஹூட் (ரசாயன ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) உள்ளே இருக்கும் காற்றை இடைவிடாமல் வெளியே தள்ளும், அதற்கு ஈடாக வெளிக் காற்றை இழுத்தாக வேண்டும், உள்ளே இருப்பதையே சுற்ற விட முடியாது. வடிகட்டி நன்றாக இல்லையென்றால் புகையும் சேர்ந்து வரும். பழைய விடுதிகளில் ஏசியே இல்லாமல் சன்னல்தான் காற்றோட்டம். பெரும்பாலும் நூலகம், மாணவர் மையம் போன்ற இடங்கள் மேல். ஊகிப்பதை விடக் கேட்பது நல்லது.

மாணவர் சங்கத்தில் இருப்பவர்கள், டிஏக்கள் (கற்பித்தல் உதவியாளர்கள்), விடுதிப் பொறுப்பாளர்கள் செப்டம்பரிலேயே பராமரிப்புத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எந்தக் கட்டடங்களில் மெர்வ் 13 வடிகட்டி இருக்கிறது? புகை நாளில் கட்டடத்துக்குள் வெளிக்காற்று வரும் அளவைக் குறைப்பது யார், எந்த போன் எண்ணில் கூப்பிடுவது? இரவு முழுக்கத் திறந்திருக்கும் சுத்தக் காற்று அறை எது? என்95 எங்கே, எத்தனை இருப்பில் உள்ளது? மின்சாரம் போனால் சக்கர நாற்காலி மாணவர்களை மேல்மாடியிலிருந்து யார் இறக்குவது? எங்களுக்குப் பதில் வர மூன்று வாரம் ஆனது, இரண்டு கேள்விக்கு "பரிசீலிக்கிறோம்" என்றுதான் வந்தது. ஆனால் கேட்டதற்கு அப்புறம்தான் நூலகத்தின் ஒரு தளம் இரவில் திறந்திருக்கும் என்று அறிவித்தார்கள்.

வளாகத்தில் வேலை பார்க்கிறீர்களா? கலிஃபோர்னியாவின் பணியிடப் பாதுகாப்பு விதிப்படி, காட்டுத்தீப் புகையால் பிஎம் 2.5 குறியீடு 151 அல்லது அதற்கு மேல் போனால், வெளியில் வேலை செய்பவர்களை வடிகட்டிய காற்றுள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும், வேலை நேரத்தை மாற்ற வேண்டும், முடியாவிட்டால் என்95 இலவசமாகத் தர வேண்டும். பார்க்கிங், மைதானம், பண்ணைப் பிரிவு, கள ஆய்வு எல்லாவற்றுக்கும் பொருந்தும். "ப்ரொபசர் என்ன நினைப்பாரோ" என்று வயலில் நின்று சாம்பிள் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள், விதி எண் 5141.1 என்று மேற்பார்வையாளருக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

8. சிவப்புக் கொடி நாளும் கிளம்பும் நேரமும்

தேசிய வானிலை மையம் ரெட் ஃபிளாக் வார்னிங் என்று அறிவித்தால் பலத்த காற்றும் வறண்ட நிலையும் சேர்கின்றன, எங்கே பொறி விழுந்தாலும் பரவும் என்று பொருள். தெற்கே சான்டா அனா காற்று, வளைகுடாப் பகுதியில் டயப்ளோ காற்று என்பார்கள். அன்று போனை நூறு சதவீதம் சார்ஜ் செய்யுங்கள், மின் நிறுவனங்கள் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தையே நிறுத்தலாம். காரில் பாதிக்கு மேல் பெட்ரோல், மின்சாரக் காரென்றால் முழு சார்ஜ், காரின் முன்பக்கம் சாலையைப் பார்க்க நிறுத்துங்கள். பை கதவருகே. வீட்டில் ஒருவருடைய போனாவது இரவு சத்தத்தோடு இருக்கட்டும். தீபாவளி வருவது இந்தக் காற்றுக் காலத்தில்தான், பால்கனியில் மத்தாப்பு வேண்டவே வேண்டாம்.

கிளம்பச் சொன்னால்: பருத்தி முழுக்கை, முழுக்கால், மூடிய காலணி, பாலியஸ்டர் வேண்டாம், சூட்டில் உருகும். சன்னல்களை மூடி, கதவைப் பூட்டுவதா வேண்டாமா என்று விவாதிக்காமல் வெளியே வாருங்கள். காரில் ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். குழுவில் ஒரே வரி: யார், எங்கே போகிறோம். ஊருக்கு அழைப்பு வேண்டாம், குறுஞ்செய்தி போதும், நெட்வொர்க் நெரிசலில் அதுதான் முதலில் போய்ச் சேரும். ஜிபிஎஸ் சொன்னாலும் போலீஸ் மறித்த சாலையில் நுழையாதீர்கள்.

9. வகுப்பு, விசா, டிஎஸ்ஓ

பல்கலைக்கழகம் சில நாள் ஆன்லைனுக்கு மாறினால் பதற வேண்டாம், 2025 ஜனவரியில் யுசிஎல்ஏ வகுப்புகள் அப்படித்தான் நடந்தன. ஆனால் நீங்களாக ஒரு பாடத்தைக் கைவிட்டு முழுநேர அளவுக்குக் கீழே போவது, "எப்படியும் ஆன்லைன்தானே" என்று ஊருக்கு டிக்கெட் போடுவது, இரண்டுக்கும் முன் டிஎஸ்ஓவுக்கு மின்னஞ்சல் போட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். வாய்வழிப் பதில் பதிலே இல்லை. வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி தீக்காலத்திலும் உண்டு. தேர்வு தள்ளிப்போட வேண்டுமானால் பேராசிரியருக்கு அன்றே எழுதுங்கள், வெளியேற்ற உத்தரவின் ஸ்கிரீன்ஷாட்டோடு. அவசர நிதி என்று மாணவர் நலப் பிரிவில் ஒரு தொகை பெரும்பாலும் இருக்கும், யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள், படிவம் எங்கே என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

10. திரும்பி வந்ததும்

உத்தரவை அதிகாரப்பூர்வமாக நீக்கிய பின் மட்டும் வாருங்கள். எதையும் துடைப்பதற்கு முன் காப்பீட்டுக்காகப் படம் எடுங்கள், ஓட்டல், சாப்பாட்டு ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். சாம்பலை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் மறுபடி காற்றில் ஏறும், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், என்95, கையுறை போட்டுக்கொண்டு. மின்சாரம் நாலு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால் குளிர்பதனப் பெட்டியில் இருந்த பால், சமைத்த சாப்பாடு எல்லாம் குப்பைக்கு.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஏமாற்றிவிடும். தீ ஊருக்குள் புகுந்த இடங்களில் குடிநீர்க் குழாய்களில் பென்சீன் கலந்திருக்கிறது, 2017-ல் சான்டா ரோசாவிலும் 2018-ல் பாரடைஸிலும் கண்டுபிடித்தார்கள். "குடிக்காதீர்கள்" என்று அறிவிப்பு இருந்தால் கொதிக்க வைத்தாலும் சரியாகாது, ஆவியாகி உங்கள் மூக்குக்கே வரும். பாட்டில் தண்ணீர்தான்.

சுத்திகரிப்பானின் வடிகட்டி கறுத்திருந்தால் மாற்றுங்கள், பையில் எடுத்த மருந்தை மறுபடி நிரப்புங்கள். மலிவு பிளானுக்கு மாறும்போது போன் எண்ணும் மாறினால், அன்றைக்கே முதல் படியை மறுபடி செய்யுங்கள். இரண்டாவது வருடம் நானே அதைச் செய்ய மறந்தேன்.